ஓட்டை விழுந்த ஹெட்டுக்கு வைத்தியம்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர், அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்கார்ந்து வால்வுகளைத் தாங்கும் பகுதியை, கழற்றி, ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்து டை கிரைண்டரால் போர்ட்டிங் (காற்று வரும், போகும் வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது) செய்திருக்கிறார். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழியான இன்டேக் போர்ட்டின் கூரையில், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடுக்குப் பக்கத்தில், அரிசி அளவு ஓட்டை விழுந்துவிட்டது. அந்தப் பதற்றத்தோடு புகை வெளியேறும் எக்சாஸ்ட் பக்கத்தையும் தொட்டிருக்கிறார். கிரைண்டரின் வெட்டு முனையான பர் துள்ளி, வால்வு உட்கார்ந்து அடைக்கும் வளையமான வால்வு சீட்டில் ஒரு வெட்டுக்காயம். ஓட்டையை, கலந்து பூசும் இரண்டு குழாய்ப் பசையால் (எப்பாக்சி) அடைத்திருக்கிறார். பட்டணத்தில் ஒரு போமன் (மெக்கானிக்) “தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஹெட் வாங்கு” என்கிறார். இன்னொருவர், புளோ லேம்ப் (ஊதுவிளக்கு) சூட்டில் உருகும் அலுமினியக் கம்பி விற்கிறது, வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டாமவர் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். முதலாமவர் சொல்வது கணக்குக்குச் சரி. நல்ல வெல்டரின் கூலி, கைடு, சீட் வேலை எல்லாம் சேர்ந்தால் பழைய ஹெட் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். இஎக்ஸ்5 நம் நாட்டில் மூலைக்கு மூலை ஓடுகிற கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள். அதன் ஹெட் கிடைக்காத பொருள் அல்ல. மோட்டார் நாளைக் காலையில் வேலைக்கு ஓட வேண்டும் என்றால் வேறு ஹெட் வாங்கிப் போட்டுவிட்டு, இந்தக் காயம்பட்ட ஹெட்டை மேசை மேல் வைத்து நிதானமாகப் பாருங்கள். அப்பாவின் வண்டியில் அப்பாவின் ஹெட்டே இருக்க வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், அதைக் காப்பாற்ற முடியும். தோட்டப் பட்டறையிலும் பிறகு செம்பனை ஆலையிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிட மோசமான ஹெட்டுகள் பிழைத்து ஓடியிருக்கின்றன. வேலையின் வரிசை தவறினால் மட்டும் ஒன்றும் மிஞ்சாது.

ஓட்டையைப் பற்றி முதலில். ஹெட்டில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதை வைத்துத்தான் வைத்தியம். உங்கள் இன்ஜின் காற்றால் குளிர்வது. சுற்றிலும் தண்ணீர் இல்லை. அந்த வகையில் நீங்கள் பாக்கியசாலி. யமஹா எல்சி135 போன்ற, தண்ணீரால் குளிரும் வண்டியாக இருந்திருந்தால் அதே ஓட்டை தண்ணீர்ப் பாதையில் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். உங்களுடையது வால்வு ஸ்பிரிங் உட்காரும் குழிக்குள் திறந்திருக்கிறது. அங்கே எப்போதும் எண்ணெய் தெறித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் இன்டேக் போர்ட்டில், பிஸ்டன் காற்றை இழுக்கக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் உறிஞ்சல். ஆகவே இன்ஜின் அந்த ஓட்டை வழியாக எண்ணெயைக் குடிக்கும். நீலப் புகை, கறுத்து ஈரமான பிளக், நிலையில்லாத ஐட்லிங் இவை மூன்றும் சேர்ந்து வரும். ரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வீணாக பிளாக்கைக் கழற்றியவர்கள் உண்டு.

இப்போது ஓட்டையில் இருக்கும் பசை. இரண்டு குழாய்ப் பசைகளை நான் முற்றாக வெறுப்பவன் அல்ல. நல்ல உலோகப் பசை இருநூறு பாகைக்கு மேலும் தாங்கும். இன்டேக் போர்ட்டின் தரையை உயர்த்திச் சீர்செய்ய ரேஸ் வண்டிக்காரர்கள் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் அங்கே பசைக்குப் பின்னால் கெட்டியான அலுமினியம் இருக்கிறது. உங்கள் ஓட்டையில் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் சூடான எண்ணெய், மறுபக்கம் பெட்ரோல். நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகாத அலுமினியத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகைப் பசை. அது விடுபடும் நாளில் எங்கே போகும்? உறிஞ்சல் இழுக்கும் பக்கம், அதாவது வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள். எக்சாஸ்ட் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே வரும் வாயுவின் சூட்டில் எந்தப் பசையும் சாம்பல்தான்.

வெல்டர் கிடைக்கும் வரை பழைய ஹெட்டையே ஓட்டியாக வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரு வழி இருக்கிறது. ஓட்டையை வட்டமாகத் துளைத்துக்கொண்டு, தொப்பி ஆணி வடிவத்தில் ஓர் அலுமினியத் துண்டைக் கடைந்து, ஸ்பிரிங் குழிப் பக்கத்திலிருந்து செருக வேண்டும். தொப்பி எண்ணெய்ப் பக்கம், தண்டு போர்ட் பக்கம். பசை கசிவை அடைக்க மட்டும். அப்போது உறிஞ்சல் அந்த ஆணியைத் தன் இருப்பிடத்தில் இன்னும் இறுக்கித்தான் இழுக்கும். பசை செத்தாலும் ஆணி உள்ளே விழாது. தொப்பி மிக மெல்லியதாக, ஸ்பிரிங் வாஷருக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் இருந்தால் மட்டுமே இது நடக்கும். சுவர் கனமாக இருந்தால் மரை வெட்டி ஒரு திருகு அடைப்பைப் போடுவது இதைவிட நல்லது. ஆனால் நீங்கள் ராவி ஓட்டையாக்கிய சுவர் ஏற்கெனவே மெலிந்தது. எம்6 மரையில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் சுவரில் இரண்டு சுற்று மரை எதைப் பிடிக்கும்?

அடுத்தது அந்தப் புளோ லேம்ப் கம்பி. விளம்பரத்தில் மைலோ டின்னைக் கூட ஒட்டிக் காட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை துத்தநாகம் கலந்தவை. 400 பாகைக்குச் சற்றுக் கீழே உருகுபவை. கம்பி பிடிக்க வேண்டுமானால் ஹெட்டும் அந்தச் சூட்டுக்கு வந்தாக வேண்டும். ஹெட் வார்ப்புக்குப் பொதுவாக ஆலையிலேயே சூடேற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி 150 பாகை வாக்கில் பல மணி நேரம் வைத்துத்தான் உறுதியை ஏற்றுகிறார்கள். நீங்கள் முழு ஹெட்டையும் 400 பாகைக்குக் கொண்டுபோனால் அந்த உறுதி இறங்கிவிடும். சிலிண்டரோடு பொருந்தும் கேஸ்கெட் முகமும், ஹெட்டை இறுக்கும் ஸ்டட் அழுத்தும் இடங்களும் மெத்தென்று ஆகிவிடும். சீட்டும் கைடும் தளர்ந்துவிடும். இவ்வளவும் போதாதென்று, அந்தத் துத்தநாகம் புகுந்த இடத்தில் பிறகு எந்த நல்ல வெல்டரும் கை வைக்க மாட்டார். வெல்டிங்கின் ஆர்க் (மின்சுடர்) பட்டவுடன் துத்தநாகம் ஆவியாகிக் கொப்பளிக்கும். போட்ட உலோகம் முழுவதும் துளைதுளையாக நிற்கும். ஒரு முறை அந்தக் கம்பியை வைத்தால் திரும்பும் வழியை அடைத்துக்கொண்டதாக அர்த்தம்.

சரியான வேலை டிக் (TIG) வெல்டிங், மாறுதிசை மின்னோட்டத்தில், ஆர்கான் வாயுவில். ஏன் மாறுதிசை என்று கேட்பீர்கள். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகக் கலவை 560 பாகை வாக்கிலேயே இளகத் தொடங்கும். மேலே இருக்கும் தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். பால் காய்ச்சும்போது ஆடை மேலே கிடக்க, அடியில் பால் கொதிக்கிற மாதிரி. மின்னோட்டம் திசை மாறும்போது, ஓர் அரைச் சுற்றில் ஆர்க் அந்தத் தோலை உடைத்து விலக்குகிறது. மற்ற அரைச் சுற்றில் உலோகத்தை உருக்குகிறது. நிரப்பும் கம்பி 4043, அதாவது ஐந்து விழுக்காடு சிலிக்கன் உள்ளது. பட்டறைகளில் அதிகம் கிடைக்கும் 5356 கம்பியை ஹெட்டுக்கு வைக்க விடாதீர்கள். அது மக்னீசியம் கலந்தது. படகு, லாரிப் பெட்டி போன்றவற்றுக்கு அருமை. சிலிக்கன் நிறைந்த வார்ப்பிலும் தொடர்ந்த சூட்டிலும் வெடிப்புக்கு வழி வைக்கும். வெல்டரிடம் “எந்தக் கம்பி, அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே அவருக்கு ஹெட் வேலை பழக்கமா என்று தெரிந்துவிடும்.

எந்த வெல்டரிடம் போவது என்றால், ஈப்போவுக்குப் போங்கள்; நம் ஊரிலிருந்து அரை மணி நேரம்தான். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் மணல் உறிஞ்சும் பம்புகளை வார்ப்பதும் கடைவதும் அந்த ஊர்ப் பட்டறைகளின் அன்றாடப் பிழைப்பு. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபோது அந்த வேலை வற்றியது. ஆனால் கடைசல் கை வற்றவில்லை. வார்ப்பைப் படிக்கத் தெரிந்த கைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. கேட் கிரில் வெல்டிங் செய்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் தம் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம், இது வேறு வேலை.

ஆனால் வெல்டரிடம் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி உங்கள் வேலை. பசையை ஒரு துணுக்கு விடாமல் எடுத்துவிட வேண்டும்; மிச்சம் இருந்தால் ஆர்க்கில் கரியாகி உள்ளே போகும். ஓட்டையின் விளிம்பை நல்ல உலோகம் தெரியும் வரை ஸ்பிரிங் குழிப் பக்கமாக வாய் அகன்ற பள்ளமாக ராவுங்கள். பாவம் பார்க்காதீர்கள், மெலிந்த விளிம்பை வைத்துக்கொண்டு வெல்டரை அழைத்தால் அது ஆர்க் பட்டவுடன் சுருண்டு ஓடி, அரிசி அளவு ஓட்டை அவரைக்கொட்டை அளவாகும். ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் பல முறை கழுவி, அசிட்டோனால் துடையுங்கள். பிரேக் கிளீனர் தெளிக்கவே தெளிக்காதீர்கள். அவற்றுள் குளோரின் கலந்த வகைகள் உண்டு. ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் மிச்சத்திலிருந்து பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. ஒரு கேன் கிளீனருக்காக வெல்டரின் நுரையீரலோடு விளையாட வேண்டாம்.

கழுவிய பிறகு சிவப்புச் சாயம் போட்டுப் பாருங்கள். வெடிப்பு பார்க்கும் சாயம் ஸ்பிரே டின்னில் விற்கிறது: சிவப்பைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பும் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும், பிளக் மரையைச் சுற்றியும் கவனமாகப் பாருங்கள். அங்கே கோடு தெரிந்தால் முதல் போமன் சொன்னதே தீர்ப்பு. ஹெட்டைத் தூக்கிப் போடலாம். பார்த்து முடித்ததும் சாயத்தையும் பொடியையும் ஒட்டக் கழுவிவிடுங்கள்.

பிறகு காய வைத்தல். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். நான்கு மணி மழை பெய்த மாலையில் பட்டறைச் சுவரே வியர்க்கும். உருகிய அலுமினியம் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்து, உறையும்போது குமிழ்குமிழாக விட்டுவிடும். அதனால் ஹெட்டை 150 பாகையில் ஒரு மணி நேரமாவது சூடேற்றிக் காய வைத்த பிறகே வெல்டிங். வீட்டில் பிஸ்கட் சுடும் ஓவனைத் தொடாதீர்கள். பழைய வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும் இன்ஜின் எண்ணெய் அப்போதுதான் புகைந்து வெளியேறும். அந்த ஆண்டு தீபாவளி பிஸ்கட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இதை நான் என் வீட்டிலேயே அனுபவித்தேன்.

இனி நான் செய்த பெரிய தவறு ஒன்று. தொண்ணூறுகளில், தோட்டத்து வண்டி ஒன்றின் ஹெட்டை, சீட்டைக் கழற்றாமலே கரி அடுப்பில் சூடேற்றிப் பற்றவைக்கக் கொடுத்தேன். வேலை அழகாக வந்தது. வெல்டிங் தடம் அடுக்கிய காசுகள் மாதிரி இருந்தது. எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்கள். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் மேட்டில் ஏறும்போது எக்சாஸ்ட் சீட் தன் இருப்பிடத்திலிருந்து கழன்று விழுந்து, வால்வைச் சாய்த்து, பிஸ்டனை உடைத்துவிட்டது. தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏன் விழுந்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சீட் இரும்பு, ஹெட் அலுமினியம். சீட்டை இடத்தில் பிடித்து வைத்திருப்பது பசையோ திருகோ அல்ல, இறுக்கம் மட்டுமே. துளையைவிடச் சீட் 0.08 முதல் 0.1 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சீட்டுக்கு, ஹெட் 180 பாகை கூடுதலாகச் சூடேறினால், இறுக்கத்தில் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் போய்விடும். பாதி இறுக்கம் காலி. ஆர்க் படும் இடத்துக்குப் பக்கத்தில் இதைவிட அதிகம். சீட் ஒரு மயிரளவு எழும்பினாலோ சாய்ந்தாலோ, ஆறும்போது அந்தக் கோணலிலேயே பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

அதனால் உங்கள் ஹெட்டில் வரிசை இப்படித்தான் போக வேண்டும். இன்டேக் கைடை முதலில் எடுத்துவிடுங்கள். ஓட்டை அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, எப்படியும் தளரும். எக்சாஸ்ட் சீட்டில் வெட்டுக்காயம் பட்டிருப்பதால் அதை மாற்றுவது என்று முடிவானால், அதையும் வெல்டிங்குக்கு முன்பே எடுத்துவிடலாம். வெல்டர், டார்ச் போர்ட்டுக்குள் எட்டாததால், ஸ்பிரிங் குழிப் பக்கத்திலிருந்துதான் பற்றவைப்பார். போர்ட் பக்கத்தில், வளைவுக்கு ஏற்ப வளைத்த ஒரு செம்புத் தகட்டை முட்டுக்கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். உருகிய அலுமினியம் செம்பில் ஒட்டாது. போர்ட்டுக்குள் ஒழுகித் தொங்காமல் மட்டமாக நிற்கும். நீங்கள் உள்ளே ராவ வேண்டிய வேலை பாதியாகக் குறையும். முதல் தடவை கறுப்பாகக் கொப்பளித்துத்தான் வரும். ஊறிய எண்ணெய் அது. அதை ராவி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் வெள்ளி மாதிரி பளிச்சென்று வரும். முதல் தடவையிலேயே “முடிந்தது” என்பவரிடம் தாழ்மையாக இன்னொரு முறை கேளுங்கள். முடிந்ததும் தண்ணீரில் போடாமல், காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். நாங்கள் பால்மர விறகின் சாம்பலை ஒரு டிரம்மில் சேர்த்து வைத்திருந்தோம், இதற்கென்றே.

அலுமினியம் உருகும் முன் சிவக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைப் பார்த்துப் பழகிய கண், நிறம் மாறவில்லையே என்று சூடேற்றிக்கொண்டே போகும்; திடீரென்று ஒரு மூலை சரிந்து விழும். சூட்டைக் கண்ணால் அளக்காமல் சூட்டுச் சுண்ணத்தாலோ (குறித்த சூட்டில் உருகும் குச்சி) கருவியாலோ அளக்கச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகு ஸ்பிரிங் குழியின் தரையை மறுபடி சமதளமாகக் கடைய வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேடும் பள்ளமுமான தரையில் ஸ்பிரிங் சாய்ந்து உட்கார்ந்தால், வால்வுத் தண்டை ஒரே பக்கமாக இழுத்து, புதுக் கைடையும் தின்றுவிடும். அடுத்து புதுக் கைடு: ஹெட்டை 130, 140 பாகைக்குச் சூடேற்றி, கைடை ஐஸ் பெட்டியில் குளிரவைத்து, ஒரே அடியாக இறக்கி, ஆறிய பிறகு ரீமர் விட்டு அதன் துளையைச் சீர்செய்ய வேண்டும். சீட்டை மாற்றுவதானால் அதுவும் இதே சூட்டிலேயே இறங்கட்டும். கைடுக்குப் பிறகுதான் சீட் வெட்டும் வேலை. ஒருபோதும் முன்னால் அல்ல. சீட் வெட்டும் கருவியின் நடுத்தண்டு கைடுக்குள் நின்றுதான் சுழல்கிறது. முதலில் சீட்டை வெட்டிவிட்டுப் பிறகு கைடை மாற்றினால், இரண்டின் மையமும் வேறு வேறாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் வால்வு அடைக்காது.

இனி அந்த எக்சாஸ்ட் சீட். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால், கொஞ்சம் வால்வு தேய்க்கும் பேஸ்ட் வைத்து வால்வைப் பத்துப் பதினைந்து முறை தேய்த்தாலே சரியாகிவிடும். நகம் தடுக்கினால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வால்வு உண்மையில் தொடுவது 45 பாகையில் வெட்டிய, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமான ஒரு வளையத்தை மட்டும். அதற்கு மேலே சற்றுச் சாய்வான வெட்டு. கீழே, போர்ட் பக்கம், 60 பாகை வெட்டு. நீலச் சாயத்தை வால்வில் மெல்லியதாகத் தடவி, இடத்தில் வைத்து ஒரு முறை அழுத்தி எடுங்கள். நீல வளையம் காயத்தின் மேல் முறியாமல் போனால், காயம் வளையத்துக்கு வெளியே இருக்கிறது; அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வளையம் அங்கே முறிந்தால், காயம் குறுக்கே போகிறது. வளையத்தின் ஓரத்தில் மட்டும் கடித்திருந்தால், மேல் வெட்டையோ கீழ் வெட்டையோ கொஞ்சம் கூட்டி, வளையத்தையே காயத்திலிருந்து நகர்த்திவிட முடியும். கைதேர்ந்த சீட் வேலைக்காரர் செய்கிற மந்திரம் இதுதான்.

குறுக்கே முழுதாகப் போயிருந்தால், பேஸ்ட் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காயத்தைக் கரைக்கப் பார்க்காதீர்கள். பேஸ்ட் எடுப்பது மைக்ரான் கணக்கில். மணிக்கணக்காகத் தேய்த்தால் காயம் போவதற்குள் வால்வு முகத்தில் வாய்க்கால் விழும். கட்டரால் காயத்தின் ஆழம் வரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. முகம் 45 பாகையில் இருப்பதால், காயத்தின் ஆழம் 0.2 மில்லிமீட்டர் என்றால், அதை எடுக்க வால்வு ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். வால்வு இறங்கினால் தண்டின் நுனி மேலே ஏறும். வால்வை அழுத்தும் ராக்கருக்கும் அந்த நுனிக்கும் உள்ள இடைவெளி குறையும். இஎக்ஸ்5க்கு அந்த இடைவெளியே 0.05 மில்லிமீட்டர்தான். திருகித் திருத்திக்கொள்ளலாம், ஸ்பிரிங் நீண்டு தளர்வதை மெல்லிய வாஷர் வைத்து ஈடுகட்டலாம். கால் மில்லிமீட்டர் அளவு இறக்கம் வரை நான் ஒப்புக்கொள்வேன். அதற்கு மேல் என்றால் புதுச் சீட்.

சீட்டில் காயத்தோடு ஓட்டிப் பார்ப்போமே என்று நினைக்க வேண்டாம். எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டைத் தொடும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. ஓரிடத்தில் தொடாவிட்டால், அந்த இடத்தில் வாயு சீறிக்கொண்டு வெளியேறி, வால்வின் விளிம்பை வாழை இலை ஓரம் கருகுவது போலக் கருக்கி அரித்துவிடும்.

சீட் வேலை முடிந்ததும், வால்வு, ஸ்பிரிங் எல்லாம் பூட்டி, போர்ட் இரண்டிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஹெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு தே தாரே குடித்துவிட்டு வாருங்கள். எரி அறைப் பக்கம் ஈரம் தெரியக் கூடாது. ஸ்பிரிங் குழியில் வெல்டிங் போட்ட இடத்திலும் தெரியக் கூடாது. அங்கே தெரிந்தால் வெல்டிங்கில் துளை இருக்கிறது. மண்ணெண்ணெய் தண்ணீரைவிட எளிதாக ஊடுருவும். அது தாண்டாத இடத்தில் எண்ணெய் தாண்டாது. தண்ணீர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை போதாது. தண்ணீர் வாய்களை ரப்பர் வைத்த தகட்டால் அடைத்து, ஒன்றிரண்டு பார் காற்றை ஏற்றி, சுடுதண்ணீரில் அமிழ்த்திக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு, சூட்டில்தான் வாய் திறக்கும்.

அடுத்தது கேஸ்கெட் முகம். வெல்டிங் சூட்டில் ஹெட் கோணியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சட்டத்தைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, 0.05 மில்லிமீட்டர் பீலர் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால், தடித்த கண்ணாடியின் மேல் 400 எண் எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு எழுதுவதுபோல் ஹெட்டைத் தேய்த்து எடுக்கலாம். எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்), ஒவ்வொரு 0.1 மில்லிமீட்டரும் எரி அறையில் ஏறக்குறைய 0.2 சிசியைக் குறைக்கும். 0.3 வரை போனால் அழுத்த விகிதம் ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குக் கொஞ்சம் கீழே வரும், பிரச்சினை இல்லை. வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட்டை அதன் இடத்தில் வைத்து, விரலால் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் கேம் துளை கோணியிருக்கிறது; அதைக் கடைசல்காரரிடம்தான் விட வேண்டும்.

போர்ட்டிங்கைப் பற்றியும் கேட்காமலே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூரையைக் குடைந்ததில் உங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. வால்வைச் சுற்றித் திறக்கும் இடைவெளியின் பரப்பு, வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு எழும்பும்போது வால்வின் வாய்ப் பரப்பையே எட்டிவிடுகிறது. அதற்குமேல் காற்றைத் தடுப்பது சீட்டை ஒட்டிய கடைசிச் சில மில்லிமீட்டரும், அடிப்பக்கத்து உள்வளைவும்தான். போர்ட்டைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, தோட்டத்து மண் மேட்டில் இரண்டாம் கியரில் ஏற வேண்டிய வண்டி முக்கும். வார்ப்பு மேடுகளைத் தடவி எடுத்து, கேஸ்கெட்டுக்கும் போர்ட்டுக்கும் இருக்கும் படியைச் சமன்செய்தால் போதும். கண்ணாடி மாதிரி பளபளப்பும் இன்டேக்கில் தேவையில்லை. அடுத்த ஹெட்டில் கை வைக்கும்போது, சுவர்க் கனத்தை வளைந்த காலிப்பரால் பல இடங்களில் அளந்து, பேனாவால் ஹெட்டின் மேலேயே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். வார்ப்பின் உள்மண் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். பர்ரில் மெழுகு தேய்த்துக்கொண்டால் அலுமினியம் அப்பாது. அப்பாத பர் துள்ளுவதும் குறைவு. போரையும் கூட்டலாமா என்ற எண்ணம் இருந்தால், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் கீழ் அது ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டிய வேலை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட்டைப் பழுதுபார்ப்பது அந்தக் கணக்கில் வராது.

பூட்டும் முன் எண்ணெய்த் துளைகள் அனைத்திலும் கம்பி விட்டு, காற்றடித்து, மறுபடி கழுவுங்கள். ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் கேம் பேரிங்கைக் கெடுக்கப் போதும். செம்பு வாஷர் இருந்த இடத்தில் செம்பு வாஷரையே போடுங்கள். அது எண்ணெய் ஏறும் ஸ்டட்டுக்கு உரியது. நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். முதல் நாள் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள். புதிதாக வெட்டிய சீட் படிந்து இடைவெளி குறைந்திருக்கும். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். பிளக்கையும் கழற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இளம் பழுப்பாகக் காய்ந்திருந்தால், அந்த அரிசி ஓட்டை அடைபட்டுவிட்டது.